850 சதுர அடிக்கு 3.4 டன் கம்பியா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் 850 சதுர அடியில் வீடு கட்டி வருகிறோம். என் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், மாதத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். வேலையைப் பார்த்துக்கொள்வது நான்தான். பில்லர், பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு, ஜன்னல் மேல் வரும் பீம்) எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு இதுவரை 1.8 டன் கம்பி வாங்கியிருக்கிறோம். இப்போது மேல்தளம் போட வேண்டும். மேஸ்திரி "சதுர அடிக்கு நாலு கிலோ கணக்கு, 3.4 டன் சொல்லிடுங்கம்மா" என்கிறார். வரைபடத்தில் தளம் 5 அங்குல கனம், 8 எம்.எம். கம்பி, குறுக்கே 6 அங்குலத்துக்கு ஒன்று, நெடுக்கே 8 அங்குலத்துக்கு ஒன்று என்று இருக்கிறது. கம்பிக் கடைக்காரர் 8 எம்.எம். வேண்டாம், 10 போடுங்கள், கூடப் போட்டால் கெட்டிதானே என்கிறார். யார் சொல்வது சரி? வாசலில் போர்ட்டிகோவுக்குப் புதிதாக இரண்டு பில்லர் நிறுத்தலாம் என்றும் நினைக்கிறோம். அதன் அஸ்திவாரத்துக்கு எவ்வளவு கம்பி ஆகும்?

பதில்: வணக்கம் சகோதரி. உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. 850-ஐ 4-ஆல் பெருக்கினால் 3,400. மேஸ்திரியின் 3.4 டன் வந்தது இப்படித்தான். சதுர அடிக்கு மூன்றரை முதல் நாலு கிலோ என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்குதான், தப்பான கணக்கு இல்லை. ஆனால் அது அஸ்திவாரத்தில் தொடங்கி, பில்லர், பிளிந்த் பீம், லிண்டல், சன்ஷேடு, மேல் பீம், தளம் வரை, தரைத்தளம் மட்டும் உள்ள வீடு முழுவதற்குமான கணக்கு. அதில் 1.8 டன் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் போய்விட்டது. மிச்சம் ஒன்றரை டன் சுற்றித்தான் இருக்க வேண்டும். மேஸ்திரி உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள். மொத்த வீட்டுக் கணக்கைத் தளத்துக்குச் சொல்லிவிடுவது தினமும் நடக்கிற குழப்பம். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால்கூட, இரண்டு டன் அதிகம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வாசலில் கிடந்து துருப்பிடிக்கும்.

சதுர அடிக் கணக்கு கடன் கேட்கப் போகும்போது உதவும். கடைக்கு ஆர்டர் சொல்ல உதவாது. அதற்குக் கம்பியை எண்ண வேண்டும். எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை, உங்களாலேயே முடியும்.

ஒரே ஒரு சூத்திரம் போதும். கம்பியின் எம்.எம். அளவை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்று வரும். 8 எம்.எம். என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்க 0.395 கிலோ, அதாவது 395 கிராம். 10 எம்.எம். 617 கிராம், 12 எம்.எம். 888 கிராம், 16 எம்.எம். ஒரு கிலோ 580 கிராம். இந்த 162 மந்திர எண் இல்லை. ஒரு கன மீட்டர் இரும்பு 7,850 கிலோ என்பதை வட்டத்தின் பரப்போடு பெருக்கிச் சுருக்கினால் அதுதான் மிஞ்சும். கடையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வரும். அப்படியானால் ஒரு 8 எம்.எம். கம்பி 4.74 கிலோ. ஒரு டன்னுக்கு 211 கம்பி.

சரி, இப்போது ஓர் அறையை எடுத்து எண்ணிப் பார்ப்போம். உள் அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர் (உங்கள் ஊர்ப் பேச்சில் பத்துக்குப் பதிமூன்று), சுற்றிலும் 9 அங்குலச் சுவர் என்று வைத்துக்கொள்கிறேன். தளம் சுவர் மேலும் படிந்து உட்காருவதால் வெளி அளவு 3.46-க்கு 4.46 மீட்டர். இரண்டு ஓரத்திலும் கான்கிரீட் மூடுவதற்கு 25 எம்.எம். விட்டால் கம்பி ஓட 3.41 மீட்டரும் 4.41 மீட்டரும் கிடைக்கும்.

குறுக்குக் கம்பி 6 அங்குலத்துக்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு ஒன்று. 4.41-ஐ 0.15-ஆல் வகுத்தால் 29.4. இடைவெளி அரைகுறையாக இருக்க முடியாது, 30 என்று மேலே ஏற்றுங்கள். ஆனால் கம்பி 30 இல்லை, 31. தோட்டத்துக்கு வேலிக்கல் ஊன்றியிருந்தால் தெரியும், பத்து இடைவெளிக்குப் பதினோரு கல் வேண்டும். ஒவ்வொன்றின் நீளமும் 3.41-ஓடு கிராங்க் அடிப்பதற்கு (சுவரோரத்தில் கம்பியைச் சாய்வாக மேலே வளைப்பதற்கு) கொஞ்சம் சேர்த்து மூன்றரை மீட்டர். நெடுக்குக் கம்பி 20 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று இதே மாதிரி எண்ணினால் 19 கம்பி, தலா நாலரை மீட்டர். ஆக அடிக்கம்பி மொத்தம் 194 மீட்டர், 77 கிலோ. கிராங்க் அடித்த கம்பி சுவரோரத்தில் மேலே ஏறும் இடத்தில், அதைத் தாங்கிக் கட்ட ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம் நாலு பக்கமும் மேல்கம்பி வேண்டும். அது ஒரு 47 மீட்டர், 18 கிலோ சொச்சம். எல்லாம் சேர்ந்து 95 கிலோ.

இங்கேதான் பலர் கணக்கை மூடிவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். வெட்டும்போது இடிக்கும். 12 மீட்டர் கம்பியில் மூன்றரை மீட்டர் துண்டு மூன்று வெட்டினால் ஒன்றரை மீட்டர் வீண். 31 துண்டுக்கு 11 கம்பி. நாலரை மீட்டர் துண்டு இரண்டு வெட்டினால் 3 மீட்டர் மிச்சம். 19 துண்டுக்கு 10 கம்பி. மொத்தம் 21. ஆனால் ஒரு கம்பியில் நாலரை ஒன்று, மூன்றரை இரண்டு என்று கலந்து வெட்டினால் பதினொன்றரை மீட்டர் உபயோகமாகிவிடும், அரை மீட்டர்தான் வீண். அப்படிப் போட்டுப் பார்த்தால் அதே வேலைக்கு 18 கம்பி போதும். ஒரே அறையில் மூன்று கம்பி, 14 கிலோ மிச்சம். கம்பி வெட்டுகிறவர் காலையில் வந்ததும் கட்டிங் மெஷினை எடுத்துவிடுவார். அதற்கு முன்னால் இந்த வெட்டுக் கணக்கை ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வெட்டின பிறகு கொடுத்துப் பயனில்லை.

மேல்கம்பிக்கு இன்னும் நாலு சேர்த்தால் அந்த அறைக்கு மொத்தம் 22 கம்பி, 104 கிலோ. வெட்டி மிஞ்சும் துண்டுகள் மேல்கம்பியைத் தூக்கி நிறுத்தும் முக்காலிக்கு ஆகும். அறையின் தளம் 166 சதுர அடி. அப்படியானால் சதுர அடிக்கு 630 கிராம் அளவுதான் வருகிறது. நாலு கிலோ எங்கே, இது எங்கே!

உங்கள் வீட்டில் அறைகள் அடுத்தடுத்து இருக்கும். நடுச்சுவர் மேல் கூடுதலாக மேல்கம்பி வரும், நீளக் கம்பியில் லேப் (இரண்டு கம்பியைச் சேர்க்கும் இடத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஓடும் நீளம்) வரும். அதனால் தளத்துக்கு மட்டும் சதுர அடிக்கு 700, 800 கிராம் வரை போகலாம். 850 சதுர அடிக்கு 600 முதல் 700 கிலோ. ரூஃப் பீம் தனி. 9-க்கு 12 அங்குல பீமில் கீழே 16 எம்.எம். இரண்டு, மேலே 12 எம்.எம். இரண்டு, 6 அங்குலத்துக்கு ஒரு 8 எம்.எம். ரிங் என்றால் மீட்டருக்கு 8 கிலோ வரும். உங்கள் வீட்டளவுக்குச் சுமார் 50 மீட்டர் பீம் ஓடும், லேப், கூடுதல் கம்பி எல்லாம் பார்த்தால் 500 கிலோ வரை. ஆக 1.2 டன் அளவில் உங்கள் மேல்தளம் முடிந்துவிட வேண்டும். ஏற்கெனவே வாங்கிய 1.8-ஐக் கூட்டிப் பாருங்கள், சதுர அடிக்கு மூன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மேஸ்திரியின் கணக்கும் என் கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. என்னுடையது வரைபடத்தைப் பார்க்காமல் சொல்வது. வரைந்து கொடுத்த இன்ஜினீயரிடம் கம்பி அட்டவணை கேளுங்கள், பார் பெண்டிங் ஷெட்யூல் என்றால் புரிந்துகொள்வார். அது இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். கட்டுக்கம்பி டன்னுக்குப் பத்து கிலோ போதும்.

இனி கடைக்காரர் சொன்ன 10 எம்.எம். விஷயம். 8-க்கும் 10-க்கும் பெயரில் 2 எம்.எம். வித்தியாசம்தான். எடையில் 56 சதவீதம் கூடுதல். அதே 6 அங்குலத்துக்கு 10 போட்டால் தளக் கம்பிச் செலவு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். பலன்? 10 எம்.எம்.மை 9 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் கிடைக்கும் இரும்பு, 8-ஐ 6 அங்குலத்துக்கு வைத்தால் கிடைப்பதுதான். இரண்டில் எது நல்லது என்றால், நான் சின்னக் கம்பியை நெருக்கமாக வைப்பேன். மெல்லிய தளத்தில் வெடிப்பை மயிரிழையோடு பிடித்து நிறுத்துவது நெருக்கமான கம்பிதான். ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரம்) விதிப்படி தளத்தில் குறைந்தபட்சம் கான்கிரீட் குறுக்குப் பரப்பில் 0.12 சதவீதம் இரும்பு இருக்க வேண்டும். உங்கள் 5 அங்குலத் தளத்துக்கு அது மீட்டர் அகலத்துக்கு 150 சதுர எம்.எம். வரைபடத்தில் இருக்கும் 8 எம்.எம்., 6 அங்குலம் என்பது 335 கொடுக்கிறது. பத்துக்குப் பதிமூன்று அறைக்கு, மேலே ஆள் நடமாட்டம், மேலே பதிக்கும் தட்டு ஓடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், குறுக்கே 212 போதும் என்று வருகிறது. ஆகவே உங்கள் இன்ஜினீயர் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஹால் 12 அடிக்கு மேல் அகலமாக இருந்தால் மட்டும் அந்த இடத்துக்கு வரைபடம் வேறு ஏதாவது சொல்கிறதா என்று பாருங்கள். அங்கே கம்பியைவிடத் தளத்தின் கனம்தான் முதல் கேள்வி.

கூடப் போட்டால் கெட்டிதானே என்பது பீமில் இன்னும் தப்பு. கம்பி அளவுக்கு மீறினால் பளு தாங்காதபோது கம்பி நெகிழ்ந்து முன்னறிவிப்புத் தராது, கான்கிரீட் நொறுங்கிச் சட்டென்று போய்விடும். போதாததற்கு, கம்பிக் காட்டுக்குள் ஜல்லி இறங்காமல் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும்.

கம்பி எத்தனை கிலோ என்பதில் இவ்வளவு கவலைப்படுகிறவர்கள், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. என் சொந்த அனுபவம் ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டின் வாசலில் சுவரிலிருந்து மூன்றடி வெளியே நீட்டிய சன்ஷேடு. கனம் 4 அங்குலம். கம்பியெல்லாம் எண்ணிப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிட்டேன். நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் கம்பி மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே மேல்பக்கம்தான் இழுபடும். மறுநாள் கான்கிரீட் சட்டி தூக்கியவர்கள் அந்தக் கம்பி மேலேயே நடந்து நடந்து, அது அடியில் இருந்த சென்ட்ரிங் தட்டில் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் தகடு) போய்ப் படுத்துவிட்டது. சென்ட்ரிங் பிரித்த அன்றே சுவரோரமாக மேலே ஒரு கோடு விட்டது. இடித்துத்தான் போட்டோம். இடிக்கும்போது பார்த்தால் கம்பி ஒன்றுகூடக் குறையவில்லை, எல்லாம் அடியில் அழகாக வரிசையாக இருந்தது. அதற்குப் பிறகு நான் கான்கிரீட் போடுகிற நாளில் தளத்தை விட்டு இறங்குவதில்லை.

அறைத் தளத்தில் இது தலைகீழ். நடுவில் கம்பி அடியில் இருக்க வேண்டும், ஆனால் தட்டைத் தொடக் கூடாது. 20 எம்.எம். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் சின்னக் கட்டை) வைக்கச் சொல்லுங்கள். கவர் பிளாக் தீர்ந்துவிட்டது என்று கருங்கல் ஜல்லியை எடுத்துச் சொருகுவார்கள், விடாதீர்கள். அது ஒரு இடத்தில் 12, இன்னொரு இடத்தில் 30 என்று இருக்கும், கான்கிரீட் கொட்டியதும் உருண்டும் போகும். தட்டைத் தொட்ட கம்பி பத்து வருஷத்தில் துருப்பிடித்து ஊதி, அடிப்பூச்சைத் தள்ளிவிடும். வேண்டியதைவிட ஓர் அங்குலம் மேலே ஏறிவிட்டால் 5 அங்குலத் தளத்தின் பலத்தில் கால்வாசி போச்சு. கடைக்காரர் சொன்ன தடிமன் கம்பிக்கு நீங்கள் கொடுக்க இருந்த பணத்தோடு பார்த்தால் கவர் பிளாக் செலவு சொற்பம்.

லேப் விஷயத்திலும் ஒரு கண் வைக்கவும். எம்-20 ரகக் கான்கிரீட்டில் எஃப்.இ. 500 ரகக் கம்பி 8 எம்.எம்.முக்கு ஒன்றரை அடி லேப் வேண்டும். கம்பி கட்டுகிறவர்கள் ஒரு சாண், ஒன்றரைச் சாணில் முடித்துவிடுவார்கள். எல்லா லேப்பும் ஒரே கோட்டில், அதுவும் அறை நடுவில் வரக் கூடாது.

கம்பி இறங்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். எடை மேடைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதோடு, கட்டிலிருந்து ஒரு கம்பியை உருவி, சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 8 எம்.எம். 395 கிராம் காட்ட வேண்டும். ஐ.எஸ். 1786 என்ற கம்பித் தரப்படி ஒரு துண்டு 8 சதவீதம் வரை குறையலாம், அதாவது 363 கிராம். அதற்கும் கீழே என்றால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்கள். எடை போட்டுத்தானே வாங்குகிறோம், இளைத்த கம்பியானால் எண்ணிக்கை கூடத்தானே கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்கும். ஆனால் தளத்தில் 6 அங்குலத்துக்கு ஒன்று என்றுதான் வைக்கப் போகிறீர்கள், அந்த ஒன்றில் இரும்பு குறைவாக இருக்கும். கம்பியில் 500டி, 550டி என்று அச்சடித்திருப்பதில் அந்த டி கூடுதலாக நீண்டு கொடுக்கும் ரகம் என்பதற்கு. எஃப்.இ. 500 குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். விலை பெரிதாக மாறாவிட்டால் 500டி வாங்குங்கள். வரைபடத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

போர்ட்டிகோ அஸ்திவாரத்துக்கு வருகிறேன். நாலடிக்கு நாலடி, ஓரடி கனம் என்று ஒரு ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் கான்கிரீட் பீடம்) எடுத்துக்கொண்டால், சுற்றிலும் 50 எம்.எம். கவர் விட்டு, 10 எம்.எம். கம்பி இரு பக்கமும் 6 அங்குலத்துக்கு ஒன்று. பக்கத்துக்கு 9 கம்பி, முனைகளை அரையடி மேலே மடித்து தலா 1.4 மீட்டர். 18 கம்பிக்கு 25 மீட்டர், 16 கிலோ. தளத்துக்கு வாங்கிய 8 எம்.எம். மிச்சம் இருக்கிறதே, அதையே 6 அங்குலத்துக்குப் போட்டால் என்ன என்று மேஸ்திரி கேட்பார். ஓரடி கனத்துக்குக் குறைந்தபட்ச இரும்பே மீட்டருக்கு 360 சதுர எம்.எம். வேண்டும், 8 எம்.எம். கொடுப்பது 335. எட்டாது. 10 எம்.எம். போட்டால் 523.

ஆனால் இதை நீங்கள் கோவில்பட்டியிலிருந்து கேட்கிறீர்கள், அதுதான் எனக்கு உதைக்கிறது. கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். வீட்டு அஸ்திவாரம் ஒரு ஆழத்தில், புதுப் பில்லர் இரண்டும் மேலாக மூன்றடியில் என்றால் முதல் மழையில் அந்த இரண்டு மட்டும் தூக்கும், போர்ட்டிகோவும் வீடும் சேரும் இடத்தில் வெடிப்பு விடும். ஃபுட்டிங்கில் 16 கிலோவுக்குப் பதில் 60 கிலோ போட்டாலும் அது நிற்காது. வீட்டுப் பில்லருக்கு எத்தனை அடி தோண்டினீர்கள், அடியில் சுக்கான் (கரிசலுக்குக் கீழே வரும் கெட்டியான சுண்ணாம்புப் படிவு) தட்டியதா, கரிசலிலேயே நின்றதா என்று மேஸ்திரியைக் கேளுங்கள். சுக்கான் கிடைத்திருந்தால் புதுப் பில்லரும் அங்கே வரை இறங்கட்டும், மேலே சொன்ன கணக்கு ஒரு ஆரம்பத்துக்கு ஆகும். கரிசல் ஆழமாகப் போகிறது என்றால் அடியில் குமிழ் விரித்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) போடுவார்கள், கரிசல் பூமிக்கென்றே உள்ள முறை அது. அதற்குக் கம்பிக் கணக்கே வேறு. தோண்டின ஆழமும் அடிமண்ணும் தெரிந்தபின் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதுங்கள், அதுவரை போர்ட்டிகோவுக்குக் கம்பி வாங்க வேண்டாம்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கம்பி கட்டி முடிந்ததும் டேப்போடு மேலே ஏறுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை கம்பி இருக்கிறது என்று எண்ணி, டேப் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் கணவருக்கும் இன்ஜினீயருக்கும் அனுப்பிவிடுங்கள். குறுக்கே ஏழு கம்பி வர வேண்டும், நெடுக்கே ஐந்தோ ஆறோ. ஃபேன் கொக்கியும் கரண்ட் பைப்பும் வைத்தாயிற்றா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நடப்பதற்குப் பலகை போட்டுக்கொள்ளுங்கள், கம்பி மேலே நடக்க வேண்டாம்.